எல்லையோரச் சாலையில் விழுந்தால்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த ஆறு மாதங்களும்

அம்பூரி: பாறசாலையிலிருந்து கிழக்கே செல்லும் மலையோர நெடுஞ்சாலை, வெள்ளறடையையும் குடப்பனமூட்டையும் கடந்து அகத்தியமலை அடிவாரத்து அம்பூரிக்கு ஏறுகிறது. இதன் பல இடங்களில் தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. பனச்சமூட்டில் சந்தைக்கு வருபவர்களுக்குத் தாம் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பது கடைப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஆறுகாணி, பத்துகாணி, களியல், அருமனை ஆகிய குமரி மாவட்ட ஊர்களும் இந்தப் பக்கத்து ஊர்களும் 1956 நவம்பர் 1 வரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றன. உறவும் வேலையும் சந்தையும் இன்றும் இருபுறமும் தொடர்கின்றன.

அந்தத் தொடர்பைத் தாங்கி நிற்பது இருசக்கர வாகனம். விடியும் முன் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டச் செல்பவர், கல்லூரி மாணவர், மீன் விற்பவர், விடுமுறை நாளில் நெய்யாறு அணைக்கும் தெக்கன் குரிசுமலைக்கும் கூட்டமாக வரும் இளைஞர் என எல்லாருக்கும் வாகனம் அதுவே. இவர்களில் ஒருவர் வளைவில் விழுந்தால் முதலில் நின்று பார்ப்பவர் பெரும்பாலும் பின்னால் வரும் இன்னொரு இருசக்கர வாகன ஓட்டியாகவே இருப்பார். விழுந்த இடம் எல்லைக்கு இந்தப்பக்கமா, அந்தப்பக்கமா என்பதைப் பொறுத்து ஆம்புலன்ஸ், காவல் நிலையம், சிகிச்சைத் திட்டம் மூன்றும் மாறுகின்றன. இவற்றை விபத்துக்கு முன்பே அறிந்திருப்பவர் மிகச் சிலர். விபத்துக்குப் பின் அறிந்துகொள்ளவோ நேரம் இருப்பதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2023-இல் நாட்டில் 4,80,583 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,72,890 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 44.8 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 54,568 பேர். தமிழ்நாட்டில் அவ்வாண்டு 67,213 விபத்துகளில் 18,347 பேரும், கேரளத்தில் 48,091 விபத்துகளில் 4,080 பேரும் இறந்தனர். அதாவது நூறு விபத்துக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 27 பேர். கேரளத்தில் எட்டு அல்லது ஒன்பது பேர். கேரளத்தில் சிறு விபத்துகளும் பெருமளவில் பதிவாகின்றன என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ள முடியாது. ஆனால் இந்த எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. விபத்தில் சிக்கியவர்களில் மிகப் பலர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அதன்பின் அவர்களுக்கு என்ன ஆகிறது என்பது செய்தியாவதில்லை.

பேசிக்கொண்டே மயங்குவது ஏன்?

மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒரு காட்சி உண்டு. வண்டியோடு சரிந்தவர் தானே எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, தேநீர்க் கடையில் உட்காருகிறார். "ஒன்றுமில்லை, லேசான அடிதான்" என்று சொல்லி வீட்டுக்குப் போகிறார். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். பிறகு எழுப்பினால் எழுவதில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் இடையே உள்ள இரத்தக்குழாய் கிழிந்து, கசியும் இரத்தம் சிறிது சிறிதாகச் சேர்ந்து மூளையை அழுத்துவதால் இது நேர்கிறது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும் வரை அவர் தெளிவாகவே பேசுவார். உரிய நேரத்தில் மண்டை ஓட்டைத் திறந்து உறைந்த இரத்தத்தை அகற்றினால் முழுமையாகக் குணமடையும் வாய்ப்பு அதிகம். தாமதமானால் உயிருக்கே ஆபத்து. ஆகவே தலையில் அடிபட்டவர் ஒரு நொடி நினைவிழந்திருந்தாலும், விழுந்தது எப்படி என்பது அவருக்கு நினைவில் இல்லாவிட்டாலும், எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்றிரவு அவரைத் தனியே உறங்க விடக் கூடாது.

தலைக்கவசம் அணிவதால் இறப்பு அபாயம் 42 விழுக்காடும், தலைக்காய அபாயம் 69 விழுக்காடும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் பின்னால் அமர்பவருக்கு அது 2019 டிசம்பர் 1 முதல் கண்டிப்பாக்கப்பட்டது; 2023 ஜூன் முதல் கேமராக்கள் அபராதம் விதிக்கின்றன. கேமராவுக்காக அணியப்படும் தலைக்கவசத்தில் ஒரு குறை உண்டு. தாடைப் பட்டையைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்து வைப்பதால் அபராதம் தவிரலாம். ஆனால் விழும்போது தலை தரையைத் தொடும் முன்பே கவசம் கழன்று போய்விடும். ஐ.எஸ். 4151 தர முத்திரை இல்லாத, சாலையோரத்தில் விற்கும் மெல்லிய கவசங்களும் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தவை.

நின்று பார்ப்பவர் செய்ய வேண்டியவை

2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் பந்தயத்தின் நான்காம் கட்டத்தில் இந்திய வீரர் சி.எஸ். சந்தோஷ் பாலைவனத்தில் விழுந்து தலையிலும் தோளிலும் காயமடைந்தார். முதலில் நின்று உதவியவர்கள் அவரோடு பந்தயத்தில் ஓடிய மற்ற வீரர்கள். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டு, பின்னர் மீண்டு நாடு திரும்பினார். பந்தய வீரருக்கு இருப்பிடத்தைக் காட்டும் கருவியும் மேலே ஹெலிகாப்டரும் இருந்தன. குடப்பனமூட்டு வளைவில் விழுபவருக்கு அவை இல்லை. ஆனால் பின்னால் வரும் சக ஓட்டி என்ற முதல் உதவி இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

அந்த ஓட்டி முதலில் தன் வண்டியை விளக்கெரிய, வளைவுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இரண்டாவது விபத்து பல நேரங்களில் உதவ நின்றவர்கள் மீதே நேர்கிறது. விழுந்தவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது நம் ஊர்களில் அன்போடு செய்யப்படும் பெருந்தவறு. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கல் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். மூச்சு தடைபட்டாலொழிய தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. கழற்றியே ஆக வேண்டுமானால் ஒருவர் கழுத்தைக் கீழிருந்து அசையாமல் தாங்க, மற்றொருவர் கவசத்தை இருபுறமும் விரித்து மெதுவாக இழுக்க வேண்டும். இரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்தால் போதும். மேலும் மேலும் திறந்து பார்க்கத் தேவையில்லை. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மயங்கியவரின் நுரையீரலுக்குள் அது இறங்கிவிடும். அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்துக்கும் இடையூறாகும்.

ஆம்புலன்ஸ் அழைப்பில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 2008 முதலும், கேரளத்தில் 'கனிவு' என்ற பெயரில் 2019 முதலும் ஒரே 108 எண்ணில் சேவை இயங்குகிறது. எல்லை அருகே கைபேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ, அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகக்கூடும். எனவே பேசத் தொடங்கியதும் மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள சந்திப்பின் பெயர் என்ற வரிசையில் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

"உதவினால் போலீசுக்கு அலைய வேண்டும்" என்ற அச்சம் இன்னும் போகவில்லை. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாக அது இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கவும் கூடாது. படுகாயமடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021-இல் அறிவிக்கப்பட்ட ரூ.5,000 வெகுமதியை மத்திய அரசு 2025-இல் ரூ.25,000 ஆக உயர்த்தியது. வெகுமதியைவிட 134ஏ பிரிவை எல்லாரும் அறிவது முக்கியம் எனத் தோன்றுகிறது.

எந்த மாநிலம், எந்தத் திட்டம்?

விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் பொருந்தும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். தொடக்கத்தில் ரூ.1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. எல்லையோர மக்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று அதில் உள்ளது: காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்பது பார்க்கப்படுவதில்லை, விபத்து நடந்த இடமே பார்க்கப்படுகிறது. களியலில் விழுந்த அம்பூரிக்காரருக்கும் இதில் உரிமை உண்டு. கேரளக் குடும்ப அட்டை வைத்திருப்பது அதற்குத் தடையாகாது.

கேரளப் பகுதியில் விழுந்த குமரி மாவட்டத்தவர் இதைப் பெற முடியாது. அவருக்குக் கைகொடுப்பது 2025 மே 5 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நாட்டின் எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்து நடந்தாலும், நியமிக்கப்பட்ட மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குச் சிகிச்சை பெறலாம். நியமிக்கப்படாத மருத்துவமனையில் உயிரை நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டும் இதில் அடங்கும். ஆகையால் நோயாளியைச் சேர்க்கும்போதே "இந்தத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை உள்ளதா" என்று கேட்பதும், காவல் துறைக்கு உடனே தகவல் தெரிவிப்பதும் அவசியம். விபத்து உண்மை என்று காவல் துறை உறுதி செய்த பின்பே பணம் விடுவிக்கப்படும்.

முதல் ஒரு மணி நேரத்துச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற கடமை 2019-லேயே சட்டத்தின் 162-ஆம் பிரிவில் எழுதப்பட்டுவிட்டது. ஆண்டுகள் கடந்தும் அது வராததால், 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. அந்த வழக்கை 2012-இல் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய கால்களை நாள்தோறும் ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நீதிமன்றப் படியேறியதன் விளைவுதான் இன்று பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும் இந்த ஏழு நாள் சிகிச்சை.

அசையாத கை, கடக்கும் மாதங்கள்

இருசக்கர வாகன விபத்துக்கே உரிய ஒரு காயம் தோள் நரம்புப் பின்னலில் ஏற்படுவது. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, தோளருகே பின்னி, கை முழுவதையும் இயக்குகின்றன. வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவரின் தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் வளையும்போது இந்த வேர்கள் இழுபட்டுக் கிழிகின்றன. சில நேரம் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படுகின்றன. எலும்பு முறிவு இருக்காது. வெளியே காயமும் இருக்காது. கை மட்டும் துணிபோலத் தொங்கும். தலைக்கவசம் உயிரைக் காக்கும். இந்தக் காயத்தைத் தடுக்காது.

இங்கேதான் குடும்பங்கள் காலத்தை இழக்கின்றன. "தானாகச் சரியாகும்" என்று ஓராண்டு காத்திருப்பவர்கள் உண்டு. இலேசான இழுபாடு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சீராவதும் உண்மையே. ஆனால் மூன்று மாதமாகியும் தோளோ முழங்கையோ அசையத் தொடங்காவிட்டால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். காரணம் எளிய கணக்கு. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். அது தசையைச் சென்றடைவதற்குள், நரம்புக் கட்டளை பெறாத தசை சுருங்கி, ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் இனி இயக்க முடியாத நிலையை அடைந்துவிடும். அதனால்தான் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை என்பது வலியுறுத்தப்படுகிறது. கைவிரல் நரம்பின் ஒரு சிறு இழையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்கு இணைப்பது அவற்றில் ஒரு முறை. அப்படிச் செய்தும் கை பழைய கையாவதில்லை. முதலில் சோற்றுத் தட்டை வாய்க்கு அருகே கொண்டுவர முடியும் என்ற அளவே இலக்கு. ரப்பர் பால்வெட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால், ஒரு தொழிலாளிக்கு இந்த மாதங்கள் வேலையையே மாற்றுவதைக் குறித்துச் சிந்திக்க வேண்டிய மாதங்களாகவும் ஆகிவிடுகின்றன.

கால் முறிவிலும் காலம்தான் பேசுகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் எலும்பின் மேல் தோல் மட்டுமே இருப்பதால், அங்கே முறிந்த எலும்பு எளிதில் வெளியே வந்து மண்ணும் கிருமியும் சேர்ந்துவிடும். அத்தகைய காலைக் காப்பாற்ற முடியுமா, அகற்ற வேண்டுமா என முடிவு செய்ய, தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கு மதிப்பெண் இடும் ஒரு முறையைக் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் உருவாக்கினர். 14 வரை என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் அகற்றுவதே நலம். இடைப்பட்டவற்றில் அனுபவமே முடிவு செய்யும்.

எல்லையின் இருபுறமும் வர்ம மருத்துவத்துக்கும் எலும்பு கட்டுவோருக்கும் நீண்ட மரபும் நம்பிக்கையும் உண்டு. சுளுக்குக்கும் தசைவலிக்கும் மக்கள் அங்கே போவதில் வியப்பில்லை. ஆனால் தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயத்தின் மேல் மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டுவது ஆபத்தானது. கட்டுக்குள் வீக்கம் பெருகி இரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் தசை அழுகத் தொடங்கும். கட்டிய பின் விரல்கள் மரத்துப்போனாலோ, விரலை மெல்ல நிமிர்த்தினால் தாங்க முடியாத வலி வந்தாலோ, எவர் போட்ட கட்டானாலும், மாவுக்கட்டேயானாலும், அந்த நேரமே தளர்த்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தலைக்காயத்திலிருந்து மீண்டவர் வீட்டில் வேறொரு துயரம் காத்திருக்கிறது. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் சட்டென்று கோபம், மறதி, எதிலும் ஆர்வமின்மை. "குடிக்காமலே குடித்தவர் போல நடக்கிறார்" என்று அக்கம்பக்கம் பேசும். மூளையின் முன்பகுதி காயமடைந்ததன் அறிகுறி அது. ஒழுக்கக் குறைவு அன்று. பயிற்சியும் மருந்தும் ஓரளவு உதவும். வலிப்பு வரத் தொடங்கியவர் மீண்டும் வண்டி ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்தின் கேள்விகளில் வலிப்பும் ஒன்று.

தானே விழுந்தால் இழப்பீடு உண்டா?

மற்றொரு வாகனம் மோதியிருந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தொடரலாம் என்று சட்டத்தின் 166(2) பிரிவு கூறுகிறது. அருமனையில் அடிபட்ட அம்பூரிக்காரர் நெய்யாற்றின்கரையிலேயே மனு செய்யலாம். முதல் தகவல் அறிக்கைக்கும் எல்லை தடையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற்று உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பை 2019 திருத்தம் விதித்துள்ளது. மருத்துவமனையில் கிடக்கும் ஒருவருக்கு ஆறு மாதம் எவ்வளவு குறுகியது என்பதை முந்தைய பகுதியைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு ரூ.2 லட்சமும் படுகாயத்துக்கு ரூ.50,000-மும் வழங்கப்படுகிறது.

மழைக்கால மலைச்சாலையில் சேற்றிலும் சருகிலும் வழுக்கித் தானே விழுந்தவரின் நிலை வேறு. மோதிய வாகனம் இல்லாதபோது இழப்பீடு கேட்க எதிர்த்தரப்பு இல்லை. அவருக்கு இருப்பது வாகன உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதன் தொகையை ரூ.15 லட்சமாக உயர்த்தியது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத் தொகையும், ஒரு கை அல்லது ஒரு காலை இழந்தால் பாதியும் கிடைக்கும். மருத்துவச் செலவு இதில் அடங்காது. வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். நண்பனின் வண்டியை இரவல் வாங்கிச் சென்று விழுந்தவருக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது. வேறு வண்டிக்கோ தனியாகவோ இதே காப்பீடு இருப்பதாகக் கூறி, புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இதை நீக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாலிசித் தாளில் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்து' என்ற வரிக்கு எதிரே தொகை எழுதப்பட்டுள்ளதா என்பதை இன்றே எடுத்துப் பார்க்கலாம்.